கழித்தல் கணக்கு

வறுமையை ஒழிக்க இலங்கை அரசாங்கம் கண்டுபிடித்த வழி மிகச் சுலபமானது. ஏழைகள் இருக்கும் மாவட்டத்தை எண்ணாமல் விடுவது. 2006/07 இல் 15.2 வீதமாக இருந்த நாட்டின் வறுமை 2009/10 இல் 8.9 ஆகிவிட்டது. கொழும்பில் கைதட்டல். அந்த 8.9 ஐக் கணக்கிட்ட ஆய்வுக்காரர்கள் கிளிநொச்சிக்கோ முல்லைத்தீவுக்கோ மன்னாருக்கோ வரவேயில்லை என்பது அறிக்கையின் அடிக்குறிப்பில் இருந்தது. அடிக்குறிப்பைப் படித்துவிட்டு யார் கைதட்டுவார்கள்? அதற்கு முந்திய ஆய்வில் வடமாகாணமே இல்லை. 2006/07 சனத்தொகை, சுகாதார ஆய்விலும் இல்லை. எங்கள் பிள்ளைகள் மெலிந்திருந்தால் அது எங்கள் வீட்டு விவகாரம். தேசத்தின் ஆரோக்கியத்துக்கு ஒரு குறையும் இல்லை.

கடைசியில் 2012/13 இல் வந்து எண்ணினார்கள். எண்ணிய உடனேயே முல்லைத்தீவு நாட்டில் முதலிடம்! வறுமை 28.8 வீதம்.

யுத்தத்துக்குள் எப்படி எண்ணுவது என்று கேட்பீர்கள். நியாயம்தான். ஆனால் அரிசியும் மருந்தும் அனுப்ப வேண்டி வந்தபோது அதே யுத்தத்துக்குள் எங்களை எண்ண முடிந்ததே! 2009 தொடக்கத்தில், வன்னி யுத்த வலயத்தின் உள்ளே இருப்பது 70,000 சொச்சம் பேர் என்றது அரசாங்கம். ஏப்ரல் கடைசியில் ஜனாதிபதி மஹிந்த ராஜபக்ஷ 5,000, மிஞ்சினால் 10,000 என்றார். கடைசியில் செட்டிகுளம் மெனிக் பாமிலும் மற்ற முகாம்களிலும் முட்கம்பிக்குப் பின்னால் அடைத்தது இரண்டே முக்கால் லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை. நாலு பேரில் ஒருவருக்குத்தான் வாயும் வயிறும் உண்டென்று யாரோ மேசையில் இருந்து தீர்மானித்திருக்கிறார்கள். மாத்தளனிலும் முள்ளிவாய்க்காலிலும் சேலையைத் தைத்து மண் நிரப்பிப் பதுங்குகுழிக்கு அணை கட்டியவர்கள், உப்பில்லாக் கஞ்சிக்கு வரிசையில் நின்றவர்கள், மயக்க மருந்தில்லாமல் கால் அறுக்கப்பட்டவர்கள் எல்லாரும் அந்த மிச்ச மூன்று பேர். புலிகளும் சனத்தை வெளியேற விடாமல் மறித்தார்கள், சுட்டார்கள். அதை மறைக்கத் தேவையில்லை. அதற்காக அரிசிக் கணக்கைக் குறைக்கச் சொன்னது யார்?

சுகாதாரப் புள்ளிவிபரத்தின் உச்சம் 2009 ஜூலை 8. வன்னி வைத்தியசாலைகளில் இருந்து தொலைபேசியில் சாவுக் கணக்குச் சொன்ன ஐந்து அரச வைத்தியர்களைத் தடுப்புக்காவலில் இருந்தபடியே கொழும்பில் பத்திரிகையாளர் முன் இருத்தினார்கள். முன்பு சொன்னதெல்லாம் புலிகளின் நெருக்குதலால் கூட்டிச் சொன்னது, ஜனவரியிலிருந்து செத்தவர்கள் 750க்கு மேல் இல்லை என்று அவர்கள் சொன்னார்கள். ஒரு மத்தியானத்தில் இத்தனை ஆயிரம் பேருக்கு உயிர் கொடுத்த வைத்தியம் உலகில் வேறெங்கும் நடந்ததில்லை. ஆனால் பிழைத்தவர்கள் நிலைக்கவில்லை. 2012 இல் அரசாங்கத்தின் தொகைமதிப்புத் திணைக்களமே, ‘அசாதாரண சூழ்நிலை’யில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்ததாக அறிக்கை விட்டது. குண்டுக்கு அரச கரும மொழியில் அசாதாரண சூழ்நிலை என்று பெயர்.

மன்னார் ஆயர் இராயப்பு யோசேப்புக்கு இந்த உயர்கணிதம் பிடிபடவில்லை. 2011 ஜனவரியில் நல்லிணக்க ஆணைக்குழு முன் ஒரு சின்ன வகுப்புக் கழித்தலை வைத்தார். 2008 ஒக்டோபரில் கச்சேரிக் கணக்கின்படி கிளிநொச்சி, முல்லைத்தீவில் இருந்தவர்கள் 429,059. 2009 ஜூலைக்குள் அரச கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்தவர்கள் 282,380. மிச்சம் 146,679 பேர் எங்கே?

கணக்குப் பிழை என்றால் பிழையைக் காட்ட வேண்டியது கணக்கை வைத்திருப்பவர்கள். ஆயர் 2021 இல் காலமாகிவிட்டார். பதில் இன்னும் வரவில்லை.