பக்கத்து ஆளின் கேடயம்

அப்போது மணிக்கு 20 ரூபாய். அந்தக் காசுக்கு ஒரு நாகரிகத்தையே உண்டாக்கி, வளர்த்து, கரண்ட் போகாமல் இருந்தால் அழித்தும் விடலாம். எங்கள் தெருமுனை பிரவுசிங் சென்டரில் 'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ்' இருந்தது. மைக்ரோசாஃப்ட் 1997இல் வெளியிட்ட அசல் ஆட்டம். அங்கிருந்த சிடி அசலா என்று மட்டும் யாரும் கேட்டதில்லை.

அதில் எங்கள் செல்லப்பிள்ளை ஹாப்லைட். கையில் ஈட்டி, கேடயம், தலையில் கொண்டை வைத்த கவசம். அவன் சும்மா வந்துவிட மாட்டான். வெண்கலக் காலம்வரை ஊரை வளர்த்து, குதிரை லாயம் கட்டி, அதற்கப்புறம் அகாடமியும் கட்டினால்தான் தரிசனம். விலை 60 உணவு, 40 தங்கம். 50 உணவுக்குக் கிடைக்கிற தடிக்காரன் 40 உயிரோடு வருவான், இவனுக்கு 120. தாக்கும் பலம் 17. குறை ஒன்றே ஒன்று, நடை. கிரேக்கர்களை எடுத்தால் கொஞ்சம் வேகமாக நடப்பான். மற்ற நாடுகளில் அவனுக்கு எந்த அவசரமும் கிடையாது.

விறகு வெட்டுகிறவன், பெர்ரி பறிக்கிறவன், மீன்படகு எல்லாம் சேர்த்து ஒருவருக்கு 50 தலைக்கு மேல் அனுமதி இல்லை. ஆகவே ஒவ்வொரு ஹாப்லைட்டும் எங்களுக்கு முகம் தெரிந்தவன். அவனை ஆற்றைக் கடக்க வைப்பதுதான் பெரும்பாடு. ஆழமில்லாத ஒரு துறை இருக்கும். கும்பலாகக் கட்டமிட்டு, எதிர்க்கரையில் ஒரு கிளிக். முதல் மூன்று பேர் தண்ணீரில் இறங்குவார்கள். நான்காமவன் இடமில்லாமல் நிற்பான். ஐந்தாமவன் அவன்மேல் மோதி, திரும்பி, மறுபடி மோதுவான். ரேஷன் கடை வரிசை தேவலை. இதற்குள் கடைசி ஆள், இங்கே ஏன் நெரிசல் என்று, வரைபடத்தையே சுற்றி வேறு வழியில் கிளம்பியிருப்பான். தன்னந்தனியாக எதிரி ஊருக்குள் நுழைந்து, காவல் கோபுரத்து அம்பு வாங்கி விழுந்து, எலும்புக்கூடாகிக் காணாமல் போவான். அவன் போன வழி எங்களுக்குத் தெரியவருவது அப்போதுதான்.

பூசாரி வந்தால் கதையே வேறு. அவர் கையைத் தூக்கி 'வொலோலோ' என்று ஓத ஆரம்பித்தால், குதிரைக்காரன் பாய்ந்து போய் வெட்டிவிடுவான். எங்கள் ஆள் போய்ச் சேர்வதற்குள் அவனே கட்சி மாறி, நீலம் சிவப்பாகிவிடும். நாம் செலவழித்து வளர்த்தவன் திரும்பி நம் அகாடமியையே இடிப்பான். "டேய், என் ஆளைக் குடுடா!" என்று கத்தினால், "அவனாத்தான் வந்தான் மாப்ள" என்று பக்கத்து மெஷினிலிருந்து பதில் வரும்.

இரும்புக் காலத்தில் அவனைச் சென்ச்சூரியனாகப் பதவி உயர்த்தலாம். ரோமில் சென்ச்சூரியன் என்பவர் ஏறத்தாழ 80 வீரர்களுக்கு மேல் ஓர் அதிகாரி. ஆட்டத்தில் பட்டனை அழுத்தினால் மொத்தப் படையும் அதிகாரிகள். உத்தரவு வாங்கத்தான் ஒருவரும் இல்லை. இப்படியும் ஒரு அமைப்பு நடக்குமா என்று அன்று சிரித்தோம். வேலைக்குப் போன பிறகு சிரிக்கவில்லை.

நிஜ ஹாப்லைட்டைப் பற்றிப் பின்னாளில் படித்தேன். கிரேக்க நகரத்துக் குடிமகன், பெரும்பாலும் சொந்த நிலம் உள்ள விவசாயி. கவசமும் ஈட்டியும் சொந்தச் செலவு. இடக்கையில் ஏறத்தாழ 90 செ.மீ. அகலமுள்ள வட்டக் கேடயம். அது அவனைப் பாதியும், இடப்புறம் நிற்கிறவனைப் பாதியும் மறைக்கும். அவனுடைய வலப்பக்கத்துக்கு வலப்புறத்தான் பொறுப்பு. கி.மு. 418இல் நடந்த மாண்டினியாப் போரைச் சொல்லும்போது வரலாற்றாசிரியர் தூசிடிடீஸ் ஒரு வேடிக்கையைக் குறிப்பிடுகிறார். முன்னேறும் எந்தப் படையும் வலப்பக்கமாகவே சாயுமாம். ஒவ்வொருவனும் தன் மூடாத பக்கத்தைப் பக்கத்து ஆளின் கேடயத்துக்குள் ஒளித்துக்கொள்ளப் பார்ப்பதுதான் காரணம்.

ஆட்டத்து ஹாப்லைட்டுக்கு இந்தச் சங்கதி எதுவும் தெரியாது. பக்கத்து ஆள் என்பவன் அவனுக்கு வழியை மறிக்கிறவன், அவ்வளவுதான். வியூகம் இருந்தது திரைக்கு இந்தப் பக்கம். ஒரே பெஞ்சில் தோள் இடிக்க நான்கு பேர். நாங்களும் வலப்பக்கம்தான் சாய்ந்தோம், வலப்புறத்தான் படை எங்கே நிற்கிறது என்று அவன் மானிட்டரில் பார்க்க. ஆட்டம் பாதி வரைபடத்தை இருட்டில் மறைத்து வைத்ததெல்லாம் வீண். மாண்டினியாவில் பயம், எங்களிடம் வேவு; சாய்ந்த கோணம் ஒன்றுதான்.

2018இல் அதே ஆட்டம் புதுக்கோலத்தில், 'டெஃபினிட்டிவ் எடிஷன்' என்று வந்தது. 50 தலை 250 வரை போகலாம் என்றாகிவிட்டது. முன்பு ஒருவன் அகாடமியை விட்டு வெளியே வந்த பிறகே அடுத்தவனுக்குச் சொல்ல முடியும். இப்போது வரிசையாகச் சொல்லிவிட்டுக் காபி குடிக்கப் போகலாம். வேலையில்லாமல் மரத்தடியில் நிற்கிற வில்லேஜரைத் தேடிப் பிடித்துக் காட்ட ஒரு பட்டன் இருக்கிறது. அந்த யோசனை ஏதோ ஓர் ஆபீஸில்தான் உதித்திருக்க வேண்டும். கேடயம் பளபளக்கிறது. ஆற்றுத்துறையில் முட்டிக்கொள்வதை மட்டும் மரபு கருதி விட்டுவைத்திருக்கிறார்கள்.

நாங்கள் நால்வரும் இப்போது நான்கு ஊரில், ஆளுக்கொரு ஹெட்செட்டோடு. யார் திரையையும் எட்டிப் பார்க்க வழியில்லை. நேர்மை வந்துவிட்டது, கூடவே தோல்வியும். எதிரே வருகிறவர்கள் தேர் வில்லாளிகளோடு வருகிறார்கள். எட்ட நின்று எய்வார்கள். ஹாப்லைட் நெருங்கினால் பின்வாங்கி மறுபடி எய்வார்கள்.

"எதுக்குப்பா இந்த ஆளையே எடுக்கறீங்க? சுத்த ஸ்லோ" என்கிறான் மகன்.

"உயிர் 120 இருக்குடா."

"சாகறதுக்குக் கொஞ்சம் லேட் ஆகும், அவ்வளவுதானே?"

அவனுக்குத் தெரியாது, இப்போதுதான் நாங்கள் அசல் ஹாப்லைட்டுகள். அன்று ஆயுதமெல்லாம் சென்டர் அண்ணனுடையது. கீபோர்டு உடைந்தால் அவர் பாடு. இன்று கிராஃபிக்ஸ் கார்டிலிருந்து முதுகுவலிக்கு வாங்கிய நாற்காலிவரை சொந்தக் காசு, மாதத் தவணையில். கிரேக்க விவசாயி வயல் வேலை ஓய்ந்த நேரம் பார்த்துப் போருக்குப் போவான். எங்களுக்குத் தீபாவளி, பொங்கல், அல்லது பிள்ளைகளுக்குப் பரீட்சை இல்லாத சனிக்கிழமை. ஏதென்ஸில் 59 வயதுவரை படைக்குக் கூப்பிடுவார்கள். ஆக, எங்களுக்கு இன்னும் சர்வீஸ் இருக்கிறது.

மகனை உட்கார வைத்துச் சாக்ரடீஸ் கதையைச் சொன்னேன். அவரும் ஹாப்லைட்தான். கி.மு. 424, டீலியம் போர்க்களம். சுற்றிலும் எல்லோரும் ஓடிக்கொண்டிருக்க, நாற்பதைத் தாண்டிய அந்த மனிதர் மட்டும் இரு பக்கமும் பார்த்தபடி நிதானமாக நடந்து திரும்பினார் என்று பிளேட்டோவே எழுதி வைத்திருக்கிறார். மெதுவான நடைக்கு இதைவிடப் பெரிய சர்டிஃபிகேட் உண்டா?

பொறுமையாகக் கேட்டுவிட்டு அவன் கேட்டான்: "சரிப்பா, அந்த மேட்ச்சை யார் ஜெயிச்சாங்க?"