கருத்துக்கேட்பு என்னும் சிரமம்
அம்பத்தூர் தொழிற்பேட்டை லேத்துப் பட்டறைகளில் இரும்பைச் சீவுகிற கார்பைடு முனைகளுக்கு டங்ஸ்டன் வேண்டும். மேலூர் அருகே அரிட்டாபட்டி வட்டாரத்தில் அதைத் தோண்ட 2024 நவம்பரில் டெல்லி ஏலதாரரை அறிவித்தது. அரிட்டாபட்டியோ 2022 முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலம். சமணர் படுக்கை வேறு உண்டு.

2023 கனிமச் சட்டத்திருத்தம் வேலையைப் பங்கு போட்டிருந்தது: டங்ஸ்டன் போன்ற முக்கியக் கனிமங்களை ஏலம் விடுவது ஒன்றிய அரசு, குத்தகை வழங்குவது மாநில அரசு. ஊராருக்கு? கத்துகிற வேலை. அதை மட்டும் யாரும் குறை சொல்ல முடியாது. கத்தினார்கள்; 2025 ஜனவரியில் ஏலம் ரத்து.

அரசாங்கமும் பாடம் கற்றது. அதே ஆண்டு செப்டம்பரில், இத்தகைய கனிமச் சுரங்கங்களுக்குப் பொதுமக்கள் கருத்துக்கேட்பே வேண்டாம் என்று சுற்றுச்சூழல் அமைச்சகம் விலக்கு அளித்தது. இனி கூலியை விட்டுவிட்டு யாரும் பந்தலில் மைக்குக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.