சொரசொரப்பு ஆய்வாளர்

ஞாயிற்றுக்கிழமை காலைகளில் அடுக்ககங்களின் தரைத்தள வாகன நிறுத்தத்தில் காணப்படும் சொரசொரப்பு ஆய்வாளரை, காரைக் கழுவுவோர், துடைப்போர், பாலிஷ் போடுவோர் ஆகிய எளிய பிரிவினரோடு சேர்த்து எண்ணுவது பிழை. அப்படி எண்ணுவதை அவரும் பொறுத்துக்கொள்ளமாட்டார். மற்றவர்கள் கார் பளபளப்பதைக் கண்ணால் பார்த்ததும் நிறைவடைந்து காப்பி குடிக்கப் போய்விடுகிறார்கள். ஆய்வாளரோ கண்ணை நம்புவதில்லை. வலக்கையில் மெல்லிய பாலித்தீன் கவர் ஒன்றை மணிக்கட்டு வரை மாட்டிக்கொண்டு, கழுவி ஈரம் காயாத பானெட்டின் மீது விரல் நுனிகளை இலேசாக நகர்த்திச் செல்வதும், பாதி வழியில் நின்று தலையைச் சாய்த்து 'த்சு' என்று ஒலியெழுப்புவதும் அவருக்குரிய அடையாளங்கள்.

இந்தக் கவர் வெறும் பாவனை அன்று என்பதை ஒப்புக்கொண்டாக வேண்டும். வெறுங்கையால் தடவும்போது தோல் பரப்பில் ஒட்டி இழுபடுவதால் சிறு மேடுகள் புலப்படாமல் போகின்றன. இடையில் மெல்லிய ஏடு ஒன்று வந்தவுடன் கை வழுக்கிச் செல்ல, கண்ணுக்கே எட்டாத துகளும் விரலில் தட்டுப்படுகிறது. அவர் தேடுவது மேலே படிந்த தூசியை அன்று. ஷாம்பு போட்டு எத்தனை முறை கழுவினாலும் போகாமல், வண்ணப்பூச்சிலேயே பதிந்து கிடப்பவற்றை. காரின் நிறத்துக்கு மேல் பூசப்படும் கிளியர் கோட் என்னும் நிறமற்ற காப்புப் படலம் பெரும்பாலான கார்களில் ஏறத்தாழ 50 மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு தடிமனே உடையது. பிரேக் பிடிக்கும்போது சூடாகத் தெறிக்கும் இரும்புத் துகள், ரயில் சக்கரமும் தண்டவாளமும் உராய்வதால் பறக்கும் தூள், புதிதாகப் போட்ட சாலையின் தார், மரப்பிசின், பக்கத்து வீட்டு கேட்டுக்கு அடித்த ஸ்ப்ரே பெயிண்டின் சாரல் ஆகியவை இந்தப் படலத்தில் தைத்துக்கொள்கின்றன. இவற்றுள் இரும்பு நாளடைவில் துருவேறி, வெள்ளைக் காரில் ஆரஞ்சு நிறப் புள்ளிகளாக வெளிப்படும். எனவே பெரம்பூர், வில்லிவாக்கம் போல ரயில் பாதையை ஒட்டி வளர்ந்த சென்னைப் பகுதிகளில் வெள்ளைக் கார் வாங்கிய ஒருவர் ஆய்வாளராக மாறுவதில் நியாயம் இல்லாமல் இல்லை.

மாறிய பிறகு அவர் தம் காரோடு நின்றுகொள்வதில்லை என்பதே சிக்கல். கவர் மாட்டிய கை அண்டை வீட்டாரின் கார்கள் மீதும், விருந்தினர் கார்கள் மீதும், சிக்னலில் பக்கத்தில் வந்து நிற்கும் வாடகைக் கார்கள் மீதும், அனுமதி என்ற ஒன்றைப் பற்றிய நினைவே இன்றிப் படர்கிறது. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை வந்தபோது, கடைக்காரர்களையும் பூ விற்பவர்களையும் விட அதிகமாகக் கலங்கியவர் இவராகவே இருக்கக்கூடும். அதன்பின் அவர் கவர்களைச் சேமிக்கவும் தரம் பிரிக்கவும் தொடங்கினார். இட்லி மாவு வரும் கவர் தடிமனானது, பெரிய தார்ப் பொட்டுகளுக்கு மட்டுமே உதவும். ரொட்டிக் கவர் நடுத்தரம். லாண்டரியிலிருந்து இஸ்திரி போட்டு வரும் சட்டையின் மேல் சுற்றிய கவர் உத்தமம். இம்மூன்றும் மடிப்புக் கலையாமல் அவருடைய காரின் டாஷ்போர்டு அறையில் இருக்கும், ஆர்.சி. புத்தகத்துக்கு அதில் இடம் போதாமல் அது வீட்டில் இருக்கும்.

அடுக்ககத்தில் ஒரு வீட்டுக்குப் பெண் பார்க்க வந்தவர்கள் மாடியில் பஜ்ஜி சாப்பிட்டுக்கொண்டிருந்த வேளையில், கீழே அவர்களுடைய காரை முழுவதுமாகத் தடவி முடித்த ஆய்வாளர், பெண்ணின் தந்தையைத் தனியே அழைத்து, "குடும்பம் நல்ல குடும்பமாத்தான் தெரியுது சார். ஆனா வண்டில நாலு கதவுலயும் தார் இருக்கு, யோசிச்சுக்கோங்க" என்று சொன்னதாக ஒரு செய்தி உண்டு. அவர் அதை மறுத்தபோதும், நாலு கதவு என்பதை மட்டுமே மறுத்தார், இரண்டு கதவுதானாம்.

கண்டறிந்த நோய்க்கு அவர் கையாளும் மருந்து க்ளே பார் எனப்படும் கட்டி. களிமண் என்று பெயர் பெற்றிருப்பினும், இது நுண்ணிய தேய்ப்புத் துகள்களைச் செயற்கைப் பிசினில் பிசைந்து சப்பாத்தி மாவுப் பதத்தில் செய்யப்படுவது. ஜப்பானியரான டடாவோ கொடாடே இதற்கு 1995இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார் என்பதைத் தம் திருமண ஆண்டைவிட விரைவாகச் சொல்லக்கூடியவர் ஆய்வாளர். பரப்பில் வழுக்கும் நீர்மத்தைத் தெளித்து, தட்டையாக்கிய கட்டியை அழுத்தாமல் நேர்கோட்டில் முன்னும் பின்னும் ஓட்டினால், துருத்திக்கொண்டிருக்கும் துகள்கள் அதில் ஒட்டிக்கொண்டு வந்துவிடும். அழுக்கேறிய பக்கத்தை உள்ளே மடித்துப் புதுப் பக்கத்தால் தொடரலாம். தரையில் விழுந்த கட்டியை மணல் ஒட்டியிருக்கும் என்பதால் எறிந்துவிட வேண்டும். க்ளே ஓட்டுவதற்கு முன் இரும்பைக் கரைக்கும் மருந்தைத் தெளிப்பதும், அது துகளோடு வினைபுரிந்து ஊதா நிறத்தில் வழிவதும் உண்டு. அழகு நிலையங்களில் முடியைச் சுருட்டப் பயன்படும் வேதிப்பொருளின் இனத்தைச் சேர்ந்த அம்மருந்தின் அழுகிய முட்டை நாற்றம் முதல் மாடிச் சமையலறைகளை எட்டும்போது ஆய்வாளர் மூச்சை இழுத்து மகிழ்கிறார்.

அண்டை வீட்டாருக்கு இந்தச் சிகிச்சையை அவர் இலவசமாகவே அளிக்கிறார். ஆனால் பாதி அளவு மட்டும். பானெட்டின் இடப்பக்கத்தில் ஒரு சாண் அகலத்துக்குச் சதுரமாக க்ளே ஓட்டி, காரின் சொந்தக்காரரைக் கீழே வரவழைத்து, அவர் கையில் தாமே கவரை மாட்டிவிட்டு, முதலில் சதுரத்துக்கு வெளியேயும் பிறகு உள்ளேயும் தடவச் செய்வது அவருடைய வழக்கம். சதுரத்துக்குள் விரல் கண்ணாடியில் செல்வது போலவே செல்கிறது. எவரும் மறுக்க முடியாது. மீதியைச் செய்து தரும்படி கேட்டால், "அதெல்லாம் அவங்கவங்க வண்டிய அவங்கவங்கதான் சார் பாத்துக்கணும்" என்ற விடை வருகிறது. அதுவரை அலுவலகத்துக்குப் போய்வர ஒரு கார் இருக்கிறது என்று நிம்மதியாக இருந்த மனிதர், அதன்பின் சொரசொரப்பான கார் ஒன்றை வைத்திருப்பவராகவே வாழ வேண்டியிருக்கிறது.

எனினும் அவரிடம் பகட்டு இல்லை. இருபது ஆண்டுப் பழைய மாருதி 800ஐயும், கடன் தவணை தொடங்கியே இராத புதுக் காரையும் அவர் ஒரே கவரால், ஒரே மரியாதையோடு தடவுகிறார். நசுங்கிய கதவையும் உடைந்த கண்ணாடியையும் அவர் ஒருபோதும் கேலி செய்ததில்லை, ஏனெனில் அவை அவர் கண்ணிலேயே படுவதில்லை.

அவருடைய சொந்தக் காரின் நிலைதான் இரக்கத்துக்குரியது. ஆண்டுக்கு ஓரிரு முறை போதுமான இவ்வேலையை அவர் மாதந்தோறும் செய்கிறார். க்ளே ஓடினால் முன்பு பூசிய வாக்ஸும் போய்விடுவதால் மறுபடி வாக்ஸ் பூச வேண்டும். க்ளே விட்டுச்செல்லும் மெல்லிய கீறல்களைப் போக்க அதற்கு முன் பாலிஷ் போட வேண்டும். பாலிஷோ ஒவ்வொரு முறையும் கிளியர் கோட்டைச் சிறிது தேய்த்து எடுக்கும். எந்த 50 மைக்ரானைக் காப்பதற்காக இத்தனையும் செய்யப்படுகிறதோ, அது தார், இரும்பு, பிசின் ஆகியவற்றுக்கு அஞ்ச வேண்டியதைவிட அவருக்கே அதிகம் அஞ்ச வேண்டும்.

இதுவும் அவர் சொத்து, அவர் பாடு என்று விட்டுவிடலாம். தண்ணீரை அப்படி விட முடியாது. ஆழ்குழாய் நீரின் உப்பு காய்ந்து வெள்ளைத் திட்டுகளாகப் படியும் என்பதாலும், அத்திட்டுகள் க்ளேவுக்கு எளிதில் அசையமாட்டா என்பதாலும், அவர் லாரித் தண்ணீரை மட்டுமே பயன்படுத்துகிறார். ஷாம்புக்கு ஒரு வாளி, அலசுவதற்கு ஒரு வாளி, அதன்பின் அளவின்றி ஓடும் ஓஸ் குழாய். கோடையில் எல்லா வீடுகளும் பங்கிட்டுப் பணம் கட்டி வரவழைக்கும் 12,000 லிட்டர் லாரி, குழந்தைகள் குளிப்பதற்குள் வற்றிவிடுகிறது. தரைத்தளக் குழாய்க்குத் தனி மீட்டர் பொருத்த வேண்டும் என்ற தீர்மானம் குடியிருப்போர் சங்கத்தின் ஒவ்வொரு கூட்டத்திலும் கொண்டுவரப்பட்டு, ஒவ்வொரு கூட்டத்திலும் அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்படுகிறது; நிகழ்ச்சி நிரலைத் தயாரிப்பவர் சங்கச் செயலாளர், செயலாளர் அவர்தான்.