பியாச்சோ துரை

ஃபிளாரன்சுக்கும் சியெனாவுக்கும் நடுவே கியாந்தி மலைச்சரிவுகளில் நாலு ஊருக்கு ஒரு துரையாவது அகப்படுவார். லண்டன் பக்கம் பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்வுபெற்று, திராட்சைத் தோட்டத்தோரம் பழைய கல்வீடு ஒன்றை வாங்கி, கூரை ஓடு மாற்றியே பாதிச் சேமிப்பைக் கரைத்தவர். இந்த வகையறா பெருத்துப்போனதில் அந்த வட்டாரத்துக்கே ‘கியாந்திஷயர்’ என்று பட்டப்பெயர் விழுந்துவிட்டது.

இத்தாலிய மொழி பேசத் துரை அஞ்சமாட்டார். அஞ்சவேண்டியது இலக்கணம்தான்.

கிரேவே ஊரின் சனிக்கிழமைச் சந்தையில் அவரைப் பார்க்கவேண்டும். சந்தை கூடும் சதுக்கம் பெயருக்குத்தான் சதுக்கம், வடிவம் முக்கோணம். 1524இல் நியூயார்க் விரிகுடாவுக்குள் கப்பல் விட்ட வெர்ரசானோ அங்கே சிலையாக நிற்கிறார். அவருக்கு எதிரே பனாமா தொப்பியும் பிரம்புக்கூடையுமாகத் துரை வந்து நின்று, செம்மறியாட்டுப் பாலாடைக்கட்டியான பெகொரினோ விற்கும் கடைக்காரரிடம் கணீரென்று சொல்வார்: “இயோ பியாச்சோ இல் பெகொரினோ!”

பெகொரினோ எனக்குப் பிடிக்கும் என்பது அவர் நினைப்பு. கேட்பவர் காதில், ‘என்னை எல்லாருக்கும் பிடிக்கும், பெகொரினோ!’ என்கிற மாதிரி விழும். கடைக்காரர் முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை. “துவே எத்தி?” என்று கேட்டு இருநூறு கிராம் வெட்டிக் கொடுத்துவிடுவார். துரைசாணி அம்மாள் இதற்குள் வாயே திறக்காமல், ருசித்த துண்டுக்காக ஆள்காட்டி விரலைக் கன்னத்தில் வைத்து ஒரு திருகு திருகுவார். ‘பிரமாதம்’ என்று அந்த நாட்டுச் சைகை. அவருக்கு மட்டும் ஒரு துண்டு கொசுறு.

கோளாறு ‘பியாச்செரே’ என்கிற வினைச்சொல்லில். நமக்கு இதில் ஒரு கஷ்டமும் இருக்காது. ‘எனக்குப் பிடிக்கும்’ என்று நாலாம் வேற்றுமையில் ஓரமாக நின்றே வளர்ந்தவர்கள் நாம். இத்தாலியனும் அப்படித்தான்: ‘மீ பியாச்சே’. துரை சங்கதி வேறு. அவர் மொழியில் ‘நான்’ என்பதை வாக்கியத்தின் நட்டநடுவில் வந்தாலும் பெரிய எழுத்தில்தான் போடவேண்டும். எழுபது வருஷம் எழுவாயாகவே வாழ்ந்த மனுஷரைக் கூப்பிட்டு, “ஐயா, சற்றுத் தள்ளி நில்லும், நாற்காலியில் பாலாடைக்கட்டி உட்காரட்டும்” என்றால் மனசு கேட்குமா?

துரை இத்தாலிய மொழி படிக்கப் போகும் மாலை வகுப்பு ஆசிரியைக்கு அவருடைய பேத்தி வயது. ஒரு பொருள் பிடித்தால் பியாச்சே, பல பொருள் பிடித்தால் பியாச்சொனோ என்று பலகையில் எழுதிப் போடுவாள். துரை தோல் அட்டை நோட்டில் அழகாகக் குறித்துக்கொள்வார். இறந்தகாலம் வந்ததும் பேனா நின்றுவிடும். பகல் சாப்பாடு ஆண்பாலாம், பியாச்சூத்தோ. ராச்சாப்பாடு பெண்பாலாம், பியாச்சூத்தா. சோற்றுக்குப் பால் பார்த்து ரசிக்கிற தேசத்தில் எப்படித்தான் ரயில் ஓடுகிறது என்று அவருக்கு வியப்பு.

ஒருவழியாக ‘மீ’ மட்டும் நாக்கில் ஒட்டியது. வந்தது வினை. பக்கத்து வீட்டில் விருந்து. ரொட்டியும் கறுப்பு முட்டைக்கோசும் வெள்ளை பீன்ஸும் போட்டுக் கொதிக்கவைத்து, மறுநாள் மறுபடி கொதிக்கவைக்கிற ரிபொல்லீத்தா சூப். அந்த வீட்டு அம்மாள் பரிமாற, நெகிழ்ந்துபோன துரை கரண்டியைக் கீழே வைத்தார். நேரே அவள் முகத்தைப் பார்த்து, நோட்டில் கண்ட வேற்றுமை பிசகாமல், “மீ பியாச்சி மோல்த்தோ” என்றார்.

சூப்பைச் சொல்லியிருந்தால் பியாச்சே. பியாச்சி என்றால் ‘நீ’. உன்மேல் எனக்கு ரொம்ப ஆசை என்று, புருஷனை எதிரே வைத்துக்கொண்டு.

மேசை கப்சிப். அந்த வீட்டுக்காரர் நிதானமாக ஒயினை ஒரு வாய் குடித்துவிட்டு, மனைவியைப் பார்த்துக் கண்ணடித்தார்.

“ஆங்கே ஆ மே.” எனக்கும்தான்.

சூப்பைத்தான் மெச்சுகிறார் என்று துரை சந்தோஷமாகத் தட்டை நீட்டி, இன்னும் இரண்டு கரண்டி வாங்கிக்கொண்டார்.