இருக்கும் ஆலைக்குத் தண்டம், இறந்த ஆலைக்குத் தட்சிணை

பெறுநர்:
வேளாண்மை இயக்ககம்,
ஐரோப்பிய ஆணையம், பிரஸ்ஸல்ஸ்.

பொருள்: அயர்லாந்து சர்க்கரை பீட் விவசாயிகளுக்குத் தாங்கள் செய்த பேருதவிக்கு நன்றி நவில்தல் தொடர்பாக.

பெருமதிப்பிற்குரியீர்,

எங்கள் ஊரில் பீட்ரூட் என்றால் பொரியல். வெள்ளைவெளேரென்று, முள்ளங்கிக்குப் பெரியப்பா போலிருக்கும் உங்கள் பீட்டை நான் நேரில் பார்த்ததில்லை. ஆனால் 2006இல் அதற்கு நீங்கள் செய்த சீர்திருத்தத்தைப் படித்த நாள்முதல் உங்கள் ரசிகன்.

பழைய ஏற்பாட்டுக்கு வக்காலத்து வாங்க நான் வரவில்லை. உலகச் சந்தையைப் போல மூன்று மடங்கு விலையை உள்ளூரில் காப்பாற்றிக்கொண்டு, மிஞ்சியதை மானியத்தோடு வெளியே தள்ளினீர்கள். பிரேசில், ஆஸ்திரேலியா, தாய்லாந்து மூன்றும் உலக வர்த்தக அமைப்பில் வழக்குப் போட்டு ஜெயித்தன. விலையைப் படிப்படியாக 36 சதவீதம் குறைக்க முடிவெடுத்தீர்கள். சரி.

என்னைக் கவர்ந்தது அதற்கடுத்த கணக்கு. வெள்ளைச் சர்க்கரையின் ஆதார விலை அப்போது டன்னுக்கு 631.90 யூரோ. ஓர் ஆலை 'எனக்கு அளந்துவிட்ட உற்பத்தி ஒதுக்கீட்டில் ஒரு டன்னை இனி எந்நாளும் உற்பத்தி செய்யமாட்டேன்' என்று எழுதிக் கொடுத்தாலோ 730 யூரோ! யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பார்கள் எங்கள் பெரியவர்கள். அவர்களுக்குச் சீர்திருத்தம் தெரியாது. உங்கள் கணக்கில் உயிரோடிருக்கும் யானை டன்னுக்கு 126.40 யூரோ கட்ட வேண்டியிருந்தது. இறக்கும் யானைக்கான பொன் அந்த வசூலிலிருந்துதான் வந்தது. அதிலும் அரைகுறைச் சாவு செல்லாது. ஆலையை முழுசாகப் பிரித்தெடுத்தால்தான் முழுத்தொகை. கொட்டகையை வேறு வேலைக்கு வைத்துக்கொண்டால் முக்கால் பங்கு.

அயர்லாந்தின் கார்லோவில் 1926இல் தொடங்கிய ஆலை, உங்களுக்குச் சிரமம் வைக்காமல் 2005லேயே மூடிக்கொண்டது. மிச்சமிருந்தது கார்க் மாவட்டத்து மாலோ ஆலை. 2006இல் அதுவும் போனது. ஏறத்தாழ 2 லட்சம் டன் ஒதுக்கீட்டை ஒரு நாடே திருப்பிக் கொடுத்துவிட்டு, தேநீருக்குச் சர்க்கரையை இறக்குமதி செய்துகொண்டது. கருமாதி முடிவதற்குள் பாகப்பிரிவினை. நிவாரணத்தில் யாருக்கு எவ்வளவு என்று ஆலைக்கும் விவசாயிக்கும் பிணக்கு.

விவசாயியையும் நீங்கள் கைவிடவில்லை. விலைக்குறைப்பால் வந்த இழப்பில் சராசரியாக 64.2 சதவீதம் ஈடு. அதை வாங்க அவர் பீட் போட வேண்டியதில்லை. முன்பு போட்டிருந்தால் போதும். பார்லிக்கு நடுவே பயிர் மாற்றிப் போட ஒரு கிழங்கு இருந்ததே, தழையும் சக்கையும் மாட்டுக்கு ஆனதே என்று சிலர் முணுமுணுத்தார்கள். அதற்கெல்லாம் உங்கள் படிவத்தில் கட்டம் இல்லை.

2011இல் உங்கள் சந்தையிலேயே சர்க்கரை பற்றாமல் போய், ஒதுக்கீட்டுக்கு வெளியே கிடந்ததை நீங்களே திறந்துவிட்டதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

கடைசியாக ஒரு சிறு விண்ணப்பம். 2017 செப்டம்பர் 30உடன் ஒதுக்கீட்டு முறையையே நீக்கிவிட்டீர்கள். இனி யார் வேண்டுமானாலும் எவ்வளவு வேண்டுமானாலும் பீட் போடலாம். மாலோ பக்கத்து விவசாயியும் போடலாம். முக்கால்வாசி தண்ணீரான கிழங்கு. வெகுதூரம் லாரியில் ஏற்றினால் வாடகைக்கே சரியாகிவிடும். ஆகவே அனுமதியோடு, அருகிலுள்ள ஆலையின் முகவரியையும் இணைத்து அனுப்பும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
சர்க்கரை தூக்கலாகத் தேநீர் குடிக்கும் ஒருவன்