பிளெக்ஸ் பூநாரை

அருங்காட்சியகத் தோட்டத்தில் அன்றைக்கு ஒரு காக்கைக்கு நேரம் சரியில்லை. வழக்கம்போலத் தூங்குமூஞ்சி மரத்திலிருந்து இறங்கி, கண்ணில் பட்ட முதல் சட்டத்தின் மேல் உட்கார்ந்தது. அந்தச் சட்டத்துக்குள் பள்ளிக்கரணைப் பூநாரை ஒன்று பத்தடி உயரத்தில் ஒற்றைக்காலில் நின்றுகொண்டிருந்தது. ஊழியர் ஒருவர் நீளக் கழியோடு ஓடி வந்தார்.

"அது பாட்டுக்கு உட்காரட்டுமேங்க?" என்றேன்.

"எச்சம் போட்டுரும் சார். பறவைங்க படம் பாழாயிடும்."

பறவைகளைப் பறவையிடமிருந்து காப்பாற்றத் தினக்கூலிக்கு ஆள் போட்டிருக்கிறார்கள். இயற்கைப் பாதுகாப்பு என்பது இதுதான் போலிருக்கிறது. எனக்குத்தான் இத்தனை நாள் புரியவில்லை.

திறந்தவெளியில் இயற்கைப் புகைப்படக் கண்காட்சி என்றால் சும்மாவா? நிழல் விழுந்தால் படத்தின் நிறம் எடுபடாது என்று இரண்டு மரங்களை மொட்டையடித்திருந்தார்கள். தப்பித்த மரங்களில் ஆணியடித்து அம்புக்குறி அட்டைகள். அமைதிப் பள்ளத்தாக்குப் படத்துக்கு நேர் பின்னால் ஜெனரேட்டர். பத்தரை மணி விழாவுக்குப் பதினொன்றே முக்காலுக்கு வந்த தலைமை விருந்தினரின் கார், அவர் பேசி முடிக்கும்வரை ஏ.சி. அணையாமல் உறுமிக்கொண்டே இருந்தது. இயற்கை நம் தாய் என்றார். கைதட்டினோம். தாயை எங்கே கொண்டுபோய் விட்டிருக்கிறோம் என்று யாரும் கேட்கவில்லை.

பூநாரைக்குத்தான் முதல் பரிசு. படம் எடுத்த இளைஞர் நல்லவர். ஒளித்துப் பேசத் தெரியாதவர். பின்னணி எப்படி இவ்வளவு சுத்தமாக வந்தது என்று கேட்டேன்.

"சேத்துல தரையோட தரையாப் படுத்துக்கணும் சார். எழுந்து நின்னா ஐ.டி. கட்டடம் வந்துரும். கேமராவைக் கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்பினா குப்பைமேடு."

பரிசு கொடுக்க வேண்டியது பூநாரைக்கு அல்ல, அந்தப் படுக்கைக்கு. ஊரே அப்படித்தான் படுத்துக்கிடக்கிறது.

அவர் சட்டத்துக்கு வெளியே வெட்டிவிட்ட தென்சென்னையின் பள்ளிக்கரணைச் சதுப்பைக் கொஞ்சம் பார்ப்போம். சதுப்பு நிலத்துக்கு நம் மக்கள் வைத்த பெயர் கழிவெளி. நம் நிர்வாகத்துக்குத் தமிழ்ப்பற்று அதிகம். பெயரில் பாதியைப் படித்ததுமே கழிவைக் கொண்டுவந்து கொட்டத் தொடங்கிவிட்டது. ஒரு காலத்தில் சுமார் 5,000 ஹெக்டேர் பரந்துகிடந்த இந்த நிலத்தில், 2022 ஏப்ரல் 8 தேதியிட்டு உலகச் சதுப்பு நிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் ஏறியபோது கணக்கில் இருந்தது 1,247 ஹெக்டேர். பட்டம் கிடைத்த அதே மாதம் முடிவதற்குள், இந்தச் சதுப்பிலேயே எழுந்த பெருங்குடிக் குப்பைமேடு தீப்பிடித்து நாள்கணக்கில் புகைந்தது. உலக அங்கீகாரத்தை நாம் வாணவேடிக்கையோடு கொண்டாடிய லட்சணம் அது.

கடலை ஆராய ஒரு மத்திய அரசு நிறுவனம், காற்றை அளக்க இன்னொன்று. இரண்டையும் இந்தச் சதுப்பிலேயே கட்டினார்கள். சேற்றுக்கென்று நிறுவனம் இல்லை. ஆகவே அதற்கு இடமும் இல்லை. ரயில் நிலையம் வந்தது, அகலச் சாலை வந்தது, சதுப்பைப் பார்த்தபடி பால்கனி வைத்த அடுக்குமாடிகள் வந்தன. பால்கனி எத்தனை பெருகியதோ, பார்க்க வேண்டிய சதுப்பு அத்தனை சுருங்கியது.

தென்சென்னையில் முப்பதுக்கும் மேற்பட்ட ஏரிகளின் உபரிநீர் இங்கே வந்து தங்கி, ஒக்கியம் மடு வழியாகப் பக்கிங்காம் கால்வாயில் சேர்ந்து, கோவளம் முகத்துவாரத்தில் கடலுக்குப் போக வேண்டும். 2015 டிசம்பரில் அந்தத் தண்ணீர் தன் இடத்தைக் காணாமல் வேளச்சேரி வீடுகளுக்குள் நுழைந்தது. இயற்கைச் சீற்றம் என்று அறிக்கை விட்டார்கள். என்ன சீற்றம்? பட்டா கையில் இல்லாத பழைய குடியிருப்புவாசி வீடு தேடி வந்ததற்குப் பெயர் சீற்றமா?

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 2019 செப்டம்பரில் இதே பள்ளிக்கரணைச் சாலையில் ஒரு பேனர் சரிந்து விழுந்தது. ஸ்கூட்டரில் போன இளம்பெண் நிலைதடுமாறி, பின்னால் வந்த தண்ணீர் லாரியில் சிக்கிச் செத்துப்போனார். ஏரித் தண்ணீரெல்லாம் வந்து சேரும் ஊரில் குடிக்கத் தண்ணீர் லாரியில் வருகிறது. அந்த ஊரில் வானத்திலிருந்து விழுவது பிளெக்ஸ். அதற்குப் பிறகும் அந்த மண்ணின் பறவையை அதே பிளெக்ஸில் அச்சடித்து, 'காப்போம்' என்று எழுத நமக்குக் கை கூசவில்லை. யார், யாரிடமிருந்து, எதைக் காப்பது? எழுதிய கைதானே அனுமதிக் கடிதங்களிலும் கையெழுத்துப் போடுகிறது?

வெளியே வரும்போது வாசலில் ஸ்பான்சர்களின் பெயர்ப்பலகை. பூநாரையைவிட இரண்டடி உயரம் அதிகம். அதற்குக் கீழே செல்ஃபி எடுத்துக்கொள்ள ஒரு மேடை. அட்டையில் வெட்டிய நாரை ஒன்று, முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஓட்டை. அதில் தலையை நுழைத்து ஒவ்வொருவராகச் சிரித்தார்கள். நாரையின் இடத்தில் நாம். கண்காட்சியிலேயே உண்மையைச் சொன்ன ஒரே படம் அதுதான்.

கயிறு கட்டிக்கொண்டிருந்த பையனிடம் கேட்டேன்: "கண்காட்சி முடிஞ்சா இதெல்லாம் எங்கே போகும் தம்பி?"

"ஒண்ணு ரெண்டு எங்க வீட்டுக் கூரைக்கு சார். மிச்சம் குப்பை லாரியில ஏத்திருவாங்க."

"லாரி எங்கே போகும்?"

"வேற எங்க, பெருங்குடிக்குத்தான்."

திரும்பிப் பார்த்தேன். பூநாரைப் படத்தின் கீழே 'வலசைப் பறவை' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். தவறில்லை, இன்னும் சில நாளில் இதுவும் பள்ளிக்கரணைக்கு வலசை போகும். ஆனால் இது திரும்பி வராது. மக்கவும் மக்காது.