அறுபது பை ஐம்பத்தைந்து: முகப்பு விளக்கியலுக்கு ஒரு பாயிரம்

செஞ்சியைத் தாண்டித் திருவண்ணாமலை போகும் சாலையில், இரவு எட்டரை மணிக்கு, கரும்பு ஏற்றிய டிராக்டர் ஒன்று என் காருக்கு முன்னால் தோன்றியது. ‘தோன்றியது’ என்ற சொல்லை ஆராய்ந்தே இட்டிருக்கிறேன். பின்விளக்கு கிடையாது, சிவப்பு ஸ்டிக்கர் கிடையாது. சுற்றியிருந்த இருட்டைவிட ஒரு பிடி அதிகக் கறுப்பாக இருந்தது என்பதைத் தவிர, அந்த டிரெய்லர் உண்டு என்பதற்கு வேறு சான்று கிடையாது. பிரேக்கை மிதித்து நின்றபோது கரும்புத் தோகை பானெட்டைத் தடவிக்கொண்டிருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மச்சினன் மூச்சு வந்ததும் சொன்னான்: “மாமா, லைட்டைப் போடுங்க.”

லைட் எரிந்துகொண்டுதான் இருந்தது.

இந்த ஆய்வு அந்த ஒரு வாக்கியத்தில் பிறந்தது.

நூல் என்றால் பாயிரம் வேண்டும். ஆய்வுப் பொருள்: பத்து வயதான ஒரு சிறிய காரின் முகப்பு விளக்குகள், அவற்றுள் குடியிருக்கும் எச்4 வகை ஹாலஜன் பல்புகள் இரண்டு. முதனூல்: காரோடு வந்த கையேடு. டாஷ்போர்டு பெட்டியில் பிளாஸ்டிக் உறைகூடப் பிரியாமல் அது பத்திரமாக இருக்கிறது. முதனூலைப் பாராமலே உரை எழுதும் மரபு நமக்குப் புதிதல்ல என்பதால் ஆய்வாளர் அதைத் தொந்தரவு செய்யவில்லை. அளவைக் கருவி: மச்சினன். கருநீலச் சட்டை போட்டு ஏரிக்கரைச் சாலையில் அவனை நிறுத்திவிட்டு, லோ பீமில் எத்தனை தப்படிக்கு அப்பாலிருந்து அவன் ஆள் என்று தெரிகிறான் எனக் கணக்கிடுவது முறை. முதல் நாள் அளவு 50 தப்படி, அதாவது ஏறத்தாழ 37 மீட்டர்.

37 மீட்டர் போதாதா என்று கேட்பவர்களுக்கு ஒரு சிறு கணக்கு. 80 கிலோமீட்டர் வேகத்தில் கார் ஒரு நொடிக்கு 22 மீட்டர் ஓடும். கண் பார்த்து, மூளை நம்பி, கால் பிரேக்குக்குப் போக ஒன்றரை நொடி என்று வைத்தால் அதற்குள் 33 மீட்டர் போய்விடும். மிச்சம் 4 மீட்டர். நல்ல சாலையில் நல்ல டயரோடு வண்டி நிற்க இன்னும் 30, 40 மீட்டர் வேண்டும். கரும்புத் தோகையோடு தப்பியது, அன்றைக்கு மச்சினனுக்குப் பசித்ததால் ஓட்டல் தேடி 45-இல் உருட்டிக்கொண்டிருந்ததால்தான்.

நூல் செய்பவருக்கு மதம், அதாவது கொள்கை, ஏழு என்கிறது நன்னூல். உடன்படுவது, மறுப்பது, பிறர் மதத்தை முதலில் ஏற்றுப் பிறகு கழற்றிவிடுவது, தானே ஒன்றை நாட்டித் தானே நிறுவுவது, இருவர் மாறுபட்டால் ஒருவர் பக்கம் துணிவது, பிறர் நூலில் குற்றம் காட்டுவது, யாரோடும் சேராமல் தன் மதத்தையே பிடித்துக்கொள்வது. பல்ப் விஷயத்தில் இந்த ஏழையும் ஒரே மாதத்தில் நான் அனுசரித்தேன். அந்தச் செலவுக் கணக்கு வீட்டம்மாவின் பார்வைக்கு இன்னும் வைக்கப்படவில்லை.

முதலில் உடன்படல். சென்னை ஜி.பி. ரோட்டில் காருக்கு வேண்டியது எல்லாம் கிடைக்கும், வேண்டாதது அதைவிட அதிகமாகக் கிடைக்கும். ஒரு கடையில், “வெள்ளை லைட் சார், அப்படியே பகல் மாதிரி இருக்கும்” என்று நீலம் பூசிய பல்ப் ஒன்றை வெல்வெட்டில் வைத்து நீட்டினார்கள். நீலக்கல் மோதிரம்போல் இருந்தது. உடன்பட்டேன். மறுநாள் அளவு: 44 தப்படி. முன்பு ஆளாகத் தெரிந்த இடத்தில் மச்சினன் இப்போது ஆவியாகத் தெரிந்தான்.

காரணம் பிறகுதான் உறைத்தது. இழை பழைய இழையே. அதன் ஒளியில் மஞ்சளையும் சிவப்பையும் நீலப் பூச்சு பிடித்து வைத்துக்கொண்டு மிச்சத்தை வெளியே விடுகிறது. வடிகட்டிக்குக் கழிக்கத்தான் தெரியும், கூட்டத் தெரியாது. டிக்காஷனை எத்தனை முறை வடிகட்டினாலும் ஒரு டம்ளர் இரண்டு டம்ளர் ஆகாது. இன்னொரு பக்கம், மஞ்சளையே அரச மதமாக வைத்திருந்த நாடும் உண்டு. பிரான்சில் 1936-இல் சட்டம் போட்டு எல்லாக் கார்களின் ஹெட்லைட்டையும் மஞ்சளாக்கினார்கள். 1993 வரை அது நீடித்தது. அதுவும் வடிகட்டல்தான், நிறம் வேறு. பாரீஸ்காரர்கள் அரை நூற்றாண்டுக்கு மேல் ஏமாந்தார்கள் என்றால் நான் இரண்டு நாள் ஏமாந்தது பெரிய குற்றமில்லை.

அடுத்து நூறு பை தொண்ணூறு. இது ஒரு மடாலயம். லாரிக்காரர்கள், மலைப்பாதை டாக்சிக்காரர்கள் பலர் இதன் பழைய சீடர்கள். எச்4 பல்பின் வயிற்றில் இரண்டு இழைகள்: ஹை பீமுக்கு 60 வாட், லோ பீமுக்கு 55. மெக்கானிக் வாயில் அதுதான் ‘அறுபது பை ஐம்பத்தைந்து’. நூறு பை தொண்ணூறு என்பது அதன் பெரியப்பா. பிறர் மதத்தை ஏற்றுப் பின் களைவது என்றால் என்ன என்பதை இந்த பல்ப்தான் எனக்குக் கற்பித்தது. ஏற்ற இருபதாவது நிமிடத்தில் அயர்ன் பாக்ஸை நைலான் துணியில் வைத்த வாசனை வந்தது. பானெட்டைத் திறந்தால், பல்ப் ஹோல்டர் உருகி அல்வா பதத்தில் இருந்தது. 55 வாட்டுக்கென்று இழுத்த ஒல்லி வயரில் 90 வாட்டை ஓட்டினால் வயரில் எழும் சூடு ஒன்றரை மடங்கோடு நிற்காது. மின்னோட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறி, இரண்டரை மடங்கையும் தாண்டிவிடும். அதிகாரியின் சம்பளம் உயர்ந்தால் அவர் வீட்டு அதிகாரம் அதைவிட வேகமாக உயர்வதுபோல. அந்த இருபது நிமிடத்துக்குள் எடுத்த அளவு 58 தப்படி என்பதை மறைக்க எனக்கு மனம் வரவில்லை. எதிரே வந்த மொபெட்காரர் என் குலத்தைப் பற்றிச் சொன்னதை மறைக்கிறேன்.

எல்.இ.டி. பல்பை மறுத்தலில் சேர்க்கிறேன். காரணம் வெளிச்சக் குறைவு அல்ல. ஹாலஜன் பல்பின் இழை ஒரு மெல்லிய சுருள். அது எந்த இடத்தில் இருக்க வேண்டும் என்பதை மில்லிமீட்டருக்கும் குறைந்த கணக்கில் வைத்து, அதைச் சுற்றித்தான் ரிஃப்ளெக்டரின் வளைவைச் செய்கிறார்கள். லோ பீம் இழைக்கு அடியில் ஒரு குட்டி உலோகக் கிண்ணம்கூட உண்டு. கீழ்ப்பக்கம் போகும் ஒளியை அது தடுக்காவிட்டால், ரிஃப்ளெக்டர் அதை எதிரே வருபவரின் கண்ணுக்கு அனுப்பிவிடும். சுருள் இருந்த இடத்தில் பட்டையான சில்லுகளை வைத்தால் ஒளி போகும் இடம் மாறுகிறது. பக்கத்துத் தெருவில் ஒருவர் மாட்டியிருக்கிறார். அவர் காரில் சாலையைத் தவிர எல்லாம் தெரிகிறது, புளியமரத்தின் உச்சிக்கிளை உட்பட. உற்பத்தியாளர் தந்த விவரக்குறிப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு வேறு சொல்கிறது.

பிறர் நூற்குற்றம் காட்டல்: சில பெட்டிகளில் ‘130 சதவீதம் கூடுதல்’ என்று அச்சிட்டிருக்கும். எதைவிடக் கூடுதல் என்பது பெட்டியின் அடியில், எறும்பு மட்டும் படிக்கும் எழுத்தில் இருக்கும். சட்டம் கேட்கும் குறைந்தபட்ச அளவைவிட, அதுவும் சாலையில் குறிப்பிட்ட சில இடங்களில் மட்டும் என்பது அதன் பொருள். எச்4 லோ பீமின் மொத்த ஒளி 1,000 லூமென், ஹை பீம் 1,650, இரண்டிலும் 15 சதவீதம் முன்பின் போகலாம் என்பது சர்வதேச விதி. அந்த வேலிக்குள் நின்றுகொண்டுதான் இந்த பல்பைச் செய்பவர்கள் இழையை இறுக்கமாகச் சுருட்டி, இன்னும் சூடாக எரியவிட்டு, ஒளியை ஓரிடத்தில் குவிக்கிறார்கள். கெட்டிக்காரத்தனமான பல்ப்தான், சந்தேகமில்லை. ஆயுள் மட்டும் குறைவு.

ஆயுள் என்றதும் ஹாலஜனின் உள்வாழ்க்கையைச் சொல்லாமல் விட முடியவில்லை. பழைய குண்டு பல்ப் வயதானால் கண்ணாடி கறுக்கும். சூட்டில் ஆவியாகும் டங்ஸ்டன் உள்ளே போய்ப் படிவதால் வரும் கறுப்பு அது. 1959-இல் எல்மர் ஃபிரிட்ரிச், எம்மெட் வைலி என்ற இரு அமெரிக்கர்கள் காப்புரிமை பெற்ற பல்பில், உள்ளே துளி அயோடினை விட்டிருந்தார்கள். ஓடிப்போகும் டங்ஸ்டனை அது வழியிலேயே மடக்கி, மறுபடி இழைக்கே கொண்டுவந்து சேர்த்துவிடும். ஊரைவிட்டு ஓடிய பையனைப் பஸ் ஸ்டாண்டில் பிடித்து வீட்டில் விடும் பெரியவர் மாதிரி. ஆனால் பையன் ஓடிய வீட்டிலேயே விடுவார் என்ற உறுதி இல்லை, அதே தெருவில் எங்காவது விட்டுவிடுவார். அதனால் இழை ஓரிடத்தில் மெலிந்துகொண்டே போய் ஒருநாள் அறுகிறது. இந்தத் திருப்பணி நடக்க உள்ளே நல்ல சூடு வேண்டும். ஆகவே குவார்ட்ஸ் குப்பி, ஆகவே அதை வெறுங்கையால் தொடக் கூடாது என்ற தீட்டு. விரல் எண்ணெய் பட்ட இடம் மட்டும் அதிகம் சூடேறிக் குப்பி கெட்டுவிடும். ‘வைதேகி காத்திருந்தாள்’ படத்தில் பெட்ரோமாக்ஸ் மேண்டிலுக்கு நேர்ந்த கதியைப் பார்த்து வளர்ந்த தலைமுறைக்கு இதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. சொல்லியும் மச்சினன் தொட்டான்.

இனி நானே நாட்டி நானே நிறுவியது. எலக்ட்ரீஷியனிடம் மல்டிமீட்டரை இரவல் வாங்கினேன். என்ஜின் ஓடும்போது பேட்டரி முனையில் 14.1 வோல்ட். அதே நேரத்தில் பல்ப் கப்ளரில் 11.9. நடுவில் இரண்டு வோல்ட்டுக்கு மேல் காணவில்லை! பேட்டரியில் புறப்பட்ட மின்சாரம் ஸ்டீயரிங் அடியில் உள்ள சுவிட்சுக்குப் போய், அங்கே தேய்ந்த காண்டாக்ட்டில் கொஞ்சம் விட்டு, ஒல்லி வயரில் கொஞ்சம் விட்டு, துருப்பிடித்த எர்த்தில் மீதியைத் தொலைத்துவிட்டு வந்து சேர்கிறது. வோல்ட்டில் இழப்பு சிறிது, ஒளியிலோ அப்படி இல்லை. இழை பல்பின் ஒளி வோல்ட்டேஜின் ஏறத்தாழ 3.4-ஆம் மடிக்கு ஏற்பக் குறையும். லூமென் கணக்கைச் சோதிக்கும் 13.2 வோல்ட்டுக்குப் பதில் 11.9 கிடைத்தால் ஒளியில் 30 சதவீதம் போய்விடுகிறது. வழியில் கேட்டவர்களுக்கெல்லாம் பால் ஊற்றிவிட்டு வீட்டுக்கு வரும் பால்காரரைப் போய் மாட்டை மாற்று என்று நான் நச்சரித்திருக்கிறேன்.

ரிலே கிட் ஒன்றை மாட்டினார் எலக்ட்ரீஷியன். பேட்டரியிலிருந்து தடித்த வயர், நடுவே ப்யூஸ், நேராக பல்புக்கு. பழைய சுவிட்சுக்கு இனி ரிலேயைத் தட்டி எழுப்பும் வேலை மட்டும். இப்போது கப்ளரில் 13.4. அதே அறுபது பை ஐம்பத்தைந்து, முன்பைவிட ஒன்றரை மடங்கு ஒளி. பல்பின் ஆயுள் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றாகும் என்றும் கணக்கு சொல்கிறது. நூறு ரூபாய்ச் சொச்சம் விலையுள்ள பல்ப், போனால் போகட்டும்.

ஆனால் மச்சினன் 61 தப்படியில்தான் தெரிந்தான். ஒன்றரை மடங்கு ஒளிக்கு 11 தப்படிதானா? ஒளி தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப மெலியும். இரு மடங்கு தூரம் பார்க்க நான்கு மடங்கு ஒளி கேட்கும். கண்ணும் கருமி, கொடுத்ததில் கொஞ்சத்தைத்தான் ஒப்புக்கொள்ளும். அன்று இடையில் ஒரு நாய் வந்து அவன் பின்னால் நின்றது. அதை நூறு தப்படிக்கும் அப்பாலிருந்தே பார்த்துவிட்டேன். நாயின் விழித்திரைக்குப் பின்னால் ஒளியைத் திருப்பி அனுப்பும் ஒரு படலம் உண்டு. கரும்பு டிரெய்லரின் பின்னால் இரண்டு நாய்களைக் கட்டி வைக்கலாம் என்ற என் பரிந்துரையை மச்சினன் ஆட்சேபித்ததால் நீக்கிவிட்டேன்.

இருவர் மாறுகோள் என்பது மனைவிக்கும் அவள் தம்பிக்கும் வந்தது. வெயிலில் மஞ்சளித்துப்போன பிளாஸ்டிக் கண்ணாடியைப் பற்பசையால் தேய்த்தால் போதும் என்றான் அவன். மாற்ற வேண்டும் என்றாள் அவள். நான் பற்பசை பக்கம் துணிந்தேன், விலையைப் பார்த்து. அளவு: 66 தப்படி.

கடைசியில் எலக்ட்ரீஷியன் காரைச் சுவருக்கு எதிரே பத்து மீட்டரில் நிறுத்தச் சொன்னார். லோ பீமின் மேல்விளிம்பு, விளக்கின் உயரத்தைவிடப் பத்து சென்டிமீட்டர் கீழே விழ வேண்டும். என்னுடையது நாற்பது கீழே, செம்பருத்திச் செடியின் வேரைப் படித்துக்கொண்டிருந்தது. ஸ்க்ரூ டிரைவரை எடுத்தவர், என்னவோ யோசித்து, கதவைத் திறந்து ஸ்டீயரிங்குக்கு வலப்பக்கம் கையை விட்டார். அங்கே 0, 1, 2, 3 என்று எண் போட்ட ஒரு சிறிய சக்கரம். கிர்ரென்று உருட்டினார். சுவரில் வெளிச்சம் எழுந்து நின்றது.

“3-ல வெச்சிருக்கீங்களே சார். பின்னாடி ஆளும் டிக்கில மூட்டையும் இருந்தா முன்பக்கம் தூக்கும்ல, அப்ப லைட்டைக் கீழ இறக்குறதுக்குத்தான் இது. சும்மா ஓட்டுறப்ப 0.”

நான் அதை வெளிச்சம் கூட்டும் ரெகுலேட்டர் என்றுதான் நினைத்திருந்தேன். ஃபேனுக்கு எப்படியோ அப்படி. கார் வாங்கிய வாரமே 3-இல் வைத்து, சிக்கனம் பார்க்காத மனிதன் என்ற பெருமையோடு பத்து வருடம் ஓட்டியிருக்கிறேன்.

அன்றிரவு 93 தப்படி. முதனூலின் பிளாஸ்டிக் உறையைப் பிரித்தேன். படம் போட்டு விளக்கியிருந்தார்கள்.

அடுத்த பௌர்ணமிக்குக் கிரிவலம் போனோம். பின்னால் மாமியார், மனைவி, இரண்டு பிள்ளைகள், டிக்கியில் புளியோதரைத் தூக்கும் ஜமக்காளமும். செஞ்சி தாண்டியதும் எதிரே வந்த பஸ் இரண்டு முறை லைட்டை அடித்துக் காட்டியது. லோ பீமில்தான் இருந்தேன்.

“மாமா, 0-ல இருக்கு” என்றான் மச்சினன். குனிந்து சக்கரத்தை 2-க்கு உருட்டினேன்.